கை வேக்குவம் பம்ப்: வால்வுக்கு அருமை, டாங்குக்கு வேண்டாம்

இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி 0441 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. பெட்ரோல் ஆவி சம்பந்தப்பட்ட கோடு என்றாலே "டாங்க் மூடியை மாத்து" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் மாற்றினேன். நாலே நாளில் விளக்கு திரும்பவும் எரிந்தது. டாங்கிலிருந்து வந்து கேனிஸ்டரில் (கரி நிரப்பிய டப்பாவில்) சேரும் ஆவி இன்ஜினுக்குப் போகிற விதம் சரியில்லை என்பதுதான் 0441. முதலில் பார்க்க வேண்டிய இடம் மூடி இல்லை. கூடவே, பெட்ரோல் போட்டவுடன் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. அப்போதுதான் பர்ஜ் வால்வு, அதாவது அந்த ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் வால்வு, மேல் சந்தேகம் வந்தது. இன்னொரு பாகத்தையும் குத்துமதிப்பாக வாங்க மனமில்லாமல் கையால் அழுத்திக் காற்றை உறிஞ்சும், முள் கேஜ் வைத்த இந்தக் கை வேக்குவம் பம்பை வாங்கினேன்.

இன்ஜின் ஆறியபின் வால்வைக் கழற்றி, இன்ஜின் பக்க முனையில் பம்பை மாட்டினேன். கரண்ட் இல்லாதபோது இந்த வால்வு இறுக மூடியிருக்க வேண்டும். கேஜில் 15 அங்குலப் பாதரசம் காட்டும் வரை காற்றை இழுத்துக் கையை எடுத்தேன். முள் கடகடவென்று சைபருக்கு இறங்கிவிட்டது. வால்வைத் தட்டிப் பார்த்தேன், கரித்தூள் எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால் கேனிஸ்டரே உடைந்திருக்கிறது என்று அர்த்தம், செலவு எங்கேயோ போயிருக்கும். புது வால்வில் முள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று திறந்து சைபருக்கு வந்தது. இவ்வளவு தெளிவான பதிலை ஸ்கேனர் எனக்குத் தரவில்லை.

குறை என்றால், கூடவே வரும் பிளாஸ்டிக் அடாப்டர்கள். ஒன்று சரியாகப் பொருந்தாமல் காற்றை விட்டது. ஹோஸ் முனையை விரலால் அடைத்து, முள் நிற்கிறதா என்று முதலிலேயே பார்த்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் நல்ல வால்வையும் பழுது என்று நினைத்திருப்பேன். இப்போது அடாப்டருக்குப் பதில் இறுக்கமான ரப்பர் ஹோஸ் துண்டுதான்.

டாங்க் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். கேஜ் 30 அங்குலப் பாதரசம் வரை காட்டுகிறது. டாங்க் சோதனைக்கு ஒரு அங்குலம்கூட அதிகம். அந்த அளவில் இந்த முள் அசைவதே தெரியாது. தெரிகிற அளவுக்கு இழுத்தால் டாங்க் நசுங்கலாம். அதற்காக கம்பிரசர் காற்றை உள்ளே விடுவது இன்னும் ஆபத்து, பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும். பி 0442, பி 0456 போன்ற சின்னக் கசிவுக் கோடுகள் வந்தால், அதாவது ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் ஓட்டை சமாசாரம் என்றால், குறைந்த அழுத்தத்தில் புகை விட்டுப் பார்க்கும் மெஷின்தான் சரி.

பழைய மூடியையே திரும்பப் போட்டுவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மூன்று தடவை பெட்ரோல் போட்டாயிற்று. மூன்று தடவையும் சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது.