ஆவாரை: காசியாவா, சென்னாவா?

தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரைச் செடிக்குத் தாவரவியல் நூல்களில் இரண்டு பெயர்கள் காணப்படுகின்றன. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்டது காசியா ஆரிகுலேட்டா. இந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பர்க் மறைந்த பின் 1832இல் வெளிவந்த அவரது நூல் அதையே சென்னா ஆரிகுலேட்டா என்றது. பழைய மூலிகை நூல்கள் பெரும்பாலும் முதல் பெயரையே வைத்திருக்கின்றன. 1982இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னெபியும் காசியா என்ற பெரும் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, சென்னா உட்பட மூன்றாகப் பிரித்த பிறகே இரண்டாவது பெயர் நிலைபெற்றது.

அந்தப் பிரிவினையின் நியாயத்தை உணர, காசியாவிலேயே தங்கிவிட்ட சரக்கொன்றையின் பூவையும் ஆவாரம்பூவையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். கொன்றைப்பூவின் கீழ்ப்புறத்து மூன்று மகரந்தத் தாள்கள் நீண்டு, இருமுறை வளைந்து, பாம்பு நெளிவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆவாரம்பூவில் அந்த இரட்டை வளைவு கிடையாது. ஆவாரையின் கூட்டிலைக் காம்பில் சிற்றிலை இணைகளுக்கிடையே குச்சிபோல் நிற்கும் தேன்சுரப்பிகளும் கொன்றையில் இல்லை.

'ஆரிகுலேட்டா' என்றால் காதுடையது என்று பொருள். இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல் விரிந்த இலையடிச் செதில்களைக் கண்டவர் இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடமாட்டார். பேரினம் மாறியும் அச்சொல் மாறாததால், பழைய நூலையும் புதிய நூலையும் பொருத்திப் பார்ப்பதில் சிரமமில்லை. இன்று எழுதுவோர் சென்னாவையே கொள்வது முறை. மருந்துச் சரக்கைப் பற்றி எழுதும்போது மட்டும் பழைய பெயரையும் உடன் குறிப்பது நல்லது.