1,260 திர்ஹம் வாங்கிக்கொண்டு என் மனுவைக் கெடுத்தார்கள்: துபாயில் அரபி மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கிறவர்கள் படியுங்கள்

நேற்றே எழுதியிருக்க வேண்டும், ஆத்திரத்தில் முடியவில்லை.

டேராவில் இருந்த வீட்டைக் காலி செய்தேன். ஓனர் 4,000 திர்ஹம் டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை. வாடகைத் தகராறு என்று மனு போட வேண்டுமென்றால் காகிதம் எல்லாம் அரபியில் இருக்க வேண்டும். நான் கொடுத்த நோட்டீஸ், ஈமெயில், கோரிக்கைக் கடிதம் எல்லாமே ஆங்கிலம், 9 பக்கம். ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் ஒரு மொழிபெயர்ப்புத் தளத்தில் பக்கத்துக்கு 140 கேட்டார்கள். மொத்தம் 1,260 திர்ஹம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் கேட்டேன், மெஷினில் போட்டுத் தருவீர்களா, ஆள் பார்ப்பாரா என்று. பதிலுக்கு வாய்ஸ் நோட் வந்தது. நல்ல தமிழ்க் குரல். "பாய், கோர்ட் பேப்பர்ல விளையாடுவோமா? எங்க உஸ்தாத் ஒவ்வொரு வார்த்தையா பாத்துத்தான் அனுப்புவாரு." அந்த 'உஸ்தாத்' என்ற சொல்லில்தான் விழுந்தேன். எனக்கு ஓதிக்கொடுத்தவரைத் தவிர வேறு யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்போதே கார்டு நம்பரை அடித்தேன்.

மறுநாள் கோப்பு வந்தது. எனக்கு அரபி எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. கீழக்கரை மத்ரஸாவில் ஓதப் படித்தவர்கள் பலருக்கும் இதே நிலைதான். எழுத்துக் கூட்டிப் பார்த்தபோது டெபாசிட் தொகைக்குப் பக்கத்தில் 'தஆஃபீ' என்று இருந்தது. நோயாளிக்காக துஆ கேட்கும்போது சொல்கிறோமே 'ஆஃபியத்', அது மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. உஸ்தாத் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் இருந்த சூடான்காரர் முதல் பக்கத்தைப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்து, "உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டார். டெபாசிட்டை ரிகவர் செய்ய வேண்டும் என்று நான் எழுதியிருந்தது, டெபாசிட் தொகையிலிருந்து குணமடைய வேண்டும் என்று அரபியில் வந்திருக்கிறது!

அவர் பொறுமையாகச் சொன்னதைத் தமிழில் வைத்துப் பார்த்தேன். நாம் 'நோயிலிருந்து மீண்டான்', 'நகையை மீட்டான்' என்று இரண்டாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரிகவர்தான். அரபியில் அது பல சொல்லாகப் பிரிகிறது. உடம்பு தேறினால் தஆஃபீ. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது இஸ்திர்தாத். வரவேண்டிய கடனை வசூலிப்பது தஹ்ஸீல். எதை மீட்கிறோம் என்று பார்க்காமல் சொல்லைப் பொறுக்கவே முடியாது. ஒரு மனிதர் அந்த வரியைப் படித்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

இன்னும் இருந்தது. சுவரில் அடித்திருந்த ஆணி ஓட்டைகளை அடைத்துப் பழைய நிலைக்கு ரீஸ்டோர் செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். அதற்கு 'இஸ்தஆத' போட்டிருக்கிறார்கள். சுவரை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று ஆகிவிட்டது. 'அஆத' என்று போட்டு, பழைய நிலைக்கு என்று சேர்த்திருக்க வேண்டும். வேர் ஒன்றுதான், முன்னால் ஒட்டுகிற அந்த 'இஸ்த' வந்ததும் தன்னிடம் திரும்பப் பெறுவது என்று பொருள் மாறிவிடுகிறது. நோட்டீஸில் வாடகை ஒப்பந்தத்தை ரினியூ செய்ய மாட்டேன் என்ற வரியில் தஜ்தீதுக்குப் பதில் தம்தீத். தஜ்தீத் என்றால் புதிதாக ஒப்பந்தம் போடுவது, தம்தீத் என்றால் பழையதையே நீட்டிப்பது. என் வழக்கே அந்த நோட்டீஸை நம்பித்தான் இருக்கிறது.

அன்று மாலையே போன் செய்தேன். முதலில் "சின்ன டைப்பிங் மிஸ்டேக், நைட்டுக்குள்ள மாத்திடுவோம்" என்றார்கள். திரும்பி வந்த கோப்பில் தேதி மட்டும் மாறியிருந்தது, தஆஃபீ அப்படியே இருந்தது. அப்புறம், குவாலிட்டி டீமுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் வேறொரு பெண், "சார், ஃபைலை டவுன்லோட் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் கிடையாது" என்றார். டவுன்லோட் செய்யாமல் எப்படிப் படிப்பது? உஸ்தாதிடம் பேச வேண்டும் என்றேன். லீவில் இருக்கிறாராம். முதலில் வாய்ஸ் நோட் அனுப்பியவருக்கு மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

இன்னொன்றையும் டைப்பிங் சென்டரில்தான் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் இருந்தது அந்தத் தளத்தின் சொந்த லோகோ மட்டும்தான். நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரையே இல்லை. அது இல்லாவிட்டால் தப்பே இல்லாத மொழிபெயர்ப்பும் மனுவில் எடுபடாது. 1,260 திர்ஹம் கொடுத்து வெறும் காகிதம் வாங்கியிருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. உரிமம் பெற்றவரின் பெயரையும் முத்திரையையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ரிகவர், ரினியூ, ரீஸ்டோர் மாதிரிச் சொற்கள் உங்கள் காகிதத்தில் இருந்தால், பணமா, உடம்பா, வீடா என்று பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள். அரபி தெரிந்த ஒருவரிடம் ஒரு பக்கத்தையாவது வாசிக்கக் கொடுங்கள். வாய்ஸ் நோட்டை நம்பாதீர்கள்.

உரிமம் உள்ள ஒருவரிடம் 9 பக்கத்தையும் மறுபடி கொடுத்திருக்கிறேன். அதற்குத் தனிக் காசு. அந்த 1,260 திர்ஹத்துக்காக இன்று காலையும் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை.