பழைய எம்எக்ஸ்-5, பழைய பாக்ஸ்டர்: கண்ணில் படும் பழுதும் படாத பழுதும்

லண்டனில் கூரையைத் திறந்து ஓட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கத் தேடியபோது, நான் ஒதுக்கியிருந்த தொகைக்குள் மனத்துக்குப் பிடித்தவை இரண்டுதான் கிடைத்தன. ஒன்று, 1998 முதல் 2005 வரை வெளிவந்த இரண்டாம் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. மற்றது, 1996 முதல் 2004 வரை வெளிவந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர், அதாவது 986. நான் மஸ்டாவை வாங்கினேன். மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலான வேலைகளை நானே செய்து அதைப் பராமரித்து வருகிறேன். பாக்ஸ்டரை இரண்டு முறைதான் ஓட்டியிருக்கிறேன். அதன் பராமரிப்பைப் பற்றி நான் அறிந்தவை, அதை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கும் நண்பரோடு அவருடைய காருக்கு அடியில் கழித்த சனிக்கிழமைகளில் தெரிந்துகொண்டவை.

ஓட்டத்தில் எது மேல் என்று கேட்டால், வேகத்திலும் நிதானத்திலும் பாக்ஸ்டர்தான். இருக்கைகளுக்குப் பின்னால் படுக்கைவாட்டில் அமைந்த ஆறு சிலிண்டர் என்ஜின், 2.5 லிட்டரிலேயே இருநூறு குதிரைத்திறனைத் தாண்டுகிறது, 1.8 லிட்டர் எம்எக்ஸ்-5 தருவது ஏறத்தாழ 140தான். ஆனால் எம்எக்ஸ்-5 ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள கார் என்பதால், வளைவுகள் நிறைந்த கிராமச் சாலையில் அந்தக் குறை தெரிவதில்லை. காப்பீடு, எரிபொருள், டயர் ஆகிய மூன்றிலும் மஸ்டாவே மலிவு.

என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவுமில்லை. இருபது ஆண்டுகளைக் கடந்த காரில் பழுது இருந்தே தீரும். அந்தப் பழுதை, பணம் கொடுப்பதற்கு முன்பே நான் கண்ணால் பார்க்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

எம்எக்ஸ்-5இன் பெரும்பகை துரு. மடிப்புக் கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்புறம் உள்ள வடிகால் துளைகள் வழியாகப் பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைச் சருகும் மண்ணும் அத்துளைகளை அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியில் தேங்கி இரும்பை உள்ளிருந்து தின்னும்; குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு மீதியை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளும். நான் பார்க்கப்போன மூன்றாவது கார் பளபளவென்று இருந்தது. மெல்லிய கைக்குட்டையில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவுக்கடியில் வைத்து மெதுவாக நகர்த்தினேன். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் அது பிடிப்பை விட்டுக் கையோடு வந்துவிட்டது. வண்ணத்துக்குக் கீழே அங்கே இருந்தது இரும்பு அல்ல, துரு தின்ற இடத்தை அடைத்து மறைக்கும் பூச்சு. கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையில் இருக்கைப் பட்டையும் சஸ்பென்ஷனும் பொருந்தும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு பலமாக அரித்திருந்தால் கார் தேறாது; அங்கே பூச்சை ஏற்க மாட்டார்கள், முறையாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். அந்தக் காரை விட்டுவிட்டு வந்தேன். கார் எண்ணைக் கொடுத்தால் பழைய எம்ஓடி முடிவுகளை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதால், அடுத்த முறை வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே "துரு" என்ற குறிப்பு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டேன்.

துரு முழுவதும் கண்ணில் பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. இத்தலைமுறையில் முன்பக்கச் சட்டத்தின் இரட்டைத் தகடுகளுக்கு இடையே தொடங்கும் அரிப்பு, வெளியே தெரியும்போது முற்றியிருக்கும். அதற்காக ஒரு வெல்டிங் பட்டறையில் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன்.

பாக்ஸ்டரின் உடல் துத்தநாகம் பூசப்பட்டது. துருவைப் பொறுத்தவரை மஸ்டா அதன் அருகில் நிற்க முடியாது. அதன் அச்சம் என்ஜினுக்குள் இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் இடைத்தண்டின் ஒரு முனை, கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு பேரிங்கின் மீது சுழல்கிறது. அந்தப் பேரிங் சிதைந்தால் வால்வுகளின் நேரம் தவறி, அவை பிஸ்டனில் மோதி, என்ஜினே போய்விடலாம். எல்லாக் கார்களிலும் இது நடப்பதில்லை. இரண்டு வரிசை குண்டுகள் உள்ள ஈரடுக்குப் பேரிங் கொண்ட தொடக்ககாலக் கார்களில் குறைவு, பின்னர் வந்த ஓரடுக்குப் பேரிங்கில் அதிகம். ஆனால் பேரிங்கைக் கண்ணால் பார்க்க கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். எந்த விற்பனையாளரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். எண்ணெய் வடிகட்டியை வெட்டி உலோகத் துகள் தேடுவது ஒரு வழி என்றாலும், அது நேற்றுவரை நடந்ததைத்தான் சொல்லும். பேரிங்கின் விலை பெரிதல்ல, அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. அதனால்தான் கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவது வழக்கமாயிற்று. என் நண்பரும் அப்படித்தான் செய்தார், அதன்பின் நிம்மதியாக ஓட்டுகிறார்.

அன்றாட வேலைகளிலும் இதே வேறுபாடு தெரிகிறது. எம்எக்ஸ்-5இன் மூடியைத் திறந்தால் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் மேலேயே நிற்கும். அரைமணி நேரத்தில் மாற்றிவிடுவேன். பாக்ஸ்டரில் என்ஜினுக்கென்று திறக்கும் மூடியே கிடையாது. பின்பெட்டிக்குள் எண்ணெயும் குளிர்நீரும் ஊற்றும் வாய்கள் மட்டுமே இருக்கும். பிளக் மாற்றக் காரை உயர்த்திச் சக்கரங்களைக் கழற்ற வேண்டியிருந்தது; எங்கள் இருவருக்கும் ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

மறுவிற்பனையைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது, நான் இன்னும் விற்றதில்லை. பாக்ஸ்டரிலேயே மனம் நிற்பவர்கள், கிளட்ச்சும் பேரிங்கும் ஒன்றாக மாற்றப்பட்டதற்கான ரசீது உள்ள காரைத் தேடுங்கள். அப்படிப்பட்ட கார் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். எந்தக் காராயினும் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். இரண்டிலும் கூரை வடிகால்கள் அடைபடும். மஸ்டாவில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள விரிப்பைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாக்ஸ்டரில் இருக்கைக்கு அடியில் பார்க்க வேண்டும், ஏனெனில் திருட்டுத் தடுப்புக் கருவியின் மின்னணுப் பெட்டி அங்கேதான் இருக்கிறது, நீர் புகுந்தால் கார் கிளம்பாது.