கடலோரப் பழைய மாளிகை: பெயிண்டுக்குப் பின்னால் பாருங்கள்

விலைக்கு வந்திருக்கும் இந்த மாளிகையில் தேக்குத் தூண், முற்றம், கதவு வேலைப்பாடு எல்லாம் அருமை. ஓடு மாற்றிய வேலையும் சுத்தம். கோளாறு சுவரில்தான். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லை. இடுப்பளவு உயரம்வரை உப்புப் பூத்து, பூச்சைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறது. மேலே இன்னொரு கோட் அடிப்பது வீண். சிமெண்டைக் கொத்தியெடுத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து பூசவேண்டும். கடல்மணல் கூடவே கூடாது.

மாடி இரும்பு உத்தரங்கள் துருவேறி உப்பி, ஓரச் செங்கல்லைப் பிளந்திருக்கின்றன. பெரிய செலவு இதுதான். மர உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று இறங்கினால் கரையான் அல்லது உளுத்துப்போன மரம். இவற்றைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசினால் வாங்கலாம்.