பட்டைப் பேனா, புத்தகப் பேனா: எதை வைத்துப் பிரிப்பது?

பட்டைப் பேன், புத்தகப் பேன் இரண்டும் சிறு பூச்சிகள். பெயரில்தான் பேன், இரண்டுமே மனிதரைக் கடிப்பதில்லை. பூஞ்சை, பாசி, மாவுத்தூள் மாதிரியானவற்றைச் சுரண்டித் தின்று பிழைக்கின்றன. பெரிய தலை, புடைத்த முகம், மெல்லிய கழுத்து என்று இருந்தால் அநேகமாக இந்தக் கூட்டம்தான். அப்புறம்தான் சிக்கல்.

எல்லோரும் முதலில் பார்ப்பது இடத்தை. மரத்தில் இருந்தால் பட்டைப் பேன், காகிதத்திலோ தானியத்திலோ இருந்தால் புத்தகப் பேன். பேச்சு வழக்குக்குச் சரி, வகைப்பாட்டுக்கு உதவாது. வீட்டில் அதிகம் காணும் புத்தகப் பேனான லிப்போசெலிஸ் பேரினத்திலேயே பட்டைக்கு அடியிலும் சருகிலும் வாழும் இனங்கள் நிறைய. உறவு முறையில் பார்த்தால், மரத்தில் திரியும் பட்டைப் பேனைவிடத் தலைப்பேன்தான் லிப்போசெலிஸுக்கு நெருங்கிய சொந்தம். அதனால்தான் ஒட்டுண்ணிப் பேன்களையும் சேர்த்து இன்று எல்லாவற்றையும் சோகோடியா என்ற ஒரே வரிசையில் வைக்கிறார்கள்.

அடுத்தது சிறகு. முதிர்ந்த பட்டைப் பேன் பெரும்பாலும் நான்கு சிறகுகளைக் கூரைபோல் சாய்த்து மடித்திருக்கும். முன்சிறகின் பின்விளிம்பை ஒட்டி, நரம்பு வளைந்து ஒரு சிற்றறை உண்டாகும். அந்த அறை நடு நரம்போடு ஒட்டியிருந்தால் சோசிடே குடும்பம் என்று சந்தேகிக்கலாம். ஒட்டாமல் தனித்து நின்றால் சிசிலியுசிடே போன்றவை. அறையே இல்லையென்றால் எக்டோப்சோசிடே பக்கம் தேடலாம். அழகான முறை. ஆனால் சிறகில்லாப் பூச்சியிடம் செல்லாது. பட்டைப் பேன்களிலும் சிறகு குறுகியவை, அறவே இல்லாதவை உண்டு. ‘சிறகில்லை, எனவே புத்தகப் பேன்’ என்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

என் ஓட்டு உணர்கொம்புக்கும் பாதத்துக்கும். இவற்றை வைத்து இந்தக் கூட்டத்தை மூன்று துணை வரிசைகளாகப் பிரிக்கலாம். கொம்பில் 20 கணுக்களுக்கு மேல் இருந்தால் ட்ரோஜியோமார்ஃபா, 11 முதல் 17 வரை என்றால் ட்ராக்டோமார்ஃபா (லிப்போசெலிஸ் இதில்தான்), பெரும்பாலும் 13 என்றால் சோகோமார்ஃபா (பட்டைப் பேன்களில் பெரும்பாலானவை இதில்). 13 இரண்டிலும் வருவதால் மற்ற அடையாளங்களும் வேண்டும். பாதத்தில் முதல் இரண்டுக்கும் மூன்று கணுக்கள். சோகோமார்ஃபாவில் இரண்டோ மூன்றோ. இதை முதிர்ந்த பூச்சியில் மட்டும் எண்ண வேண்டும், குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் இரண்டுதான். சாராயத்தில் போட்ட பூச்சியின் கொம்பு சட்டென்று ஒடியும் என்பது இன்னொரு தொல்லை. எண்ணும் முன் நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லிப்போசெலிஸை மட்டும் கைலென்ஸிலேயே பிடித்துவிடலாம்: ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடல், சிறகே இல்லை, பின்தொடை மட்டும் அகலமாகப் பருத்திருக்கும். இனம் வரை போக அது போதாது. சிலைடில் பதித்து நுண்ணோக்கியில் மயிர்களையும் உடல்மேல் அமைப்பையும் பார்க்க வேண்டும். லிப்போசெலிஸ் போஸ்ட்ரிகோஃபிலாவில் பெண்ணே தனித்துப் பெருகுவதால், ஆணுறுப்பை வைத்து இனம் பிரிக்கும் வழக்கமான வழியும் இங்கே பெரிதாக உதவாது. மரபணு வரிசை அந்த இடத்தில் கைகொடுக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியாகப் பெயரிட்ட மாதிரி தரவுத்தளத்தில் இருந்தால்தான் விடை வரும்; அந்த மாதிரிக்குப் பெயர் வைத்தவர் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் வைத்திருப்பார்.