நியூஸ் பாத்தா படபடப்பு, பாக்காட்டி பக்கெட் காலி

எங்க குடும்பத்துல மூணு பேரு, மூணு கட்சி. கோலாலம்பூர் செந்தூல் ப்ளாட்டுல நான் எந்நேரமும் ஃபோனும் கையுமா, செத்தாப்பாக்ல ரூம் எடுத்து தங்கியிருக்குற தம்பி நியூஸே வேணாம்னு குரூப்ப எல்லாம் விட்டு வெளியாயிட்டவன், அப்பா காலைல தமிழ் பேப்பர், சாயங்காலம் மின்னல் எஃப்எம் செய்தி, அதோட சரி.

மொதல்ல என் கதை. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் குழாய் வெடிச்சி தீப்பிடிச்சிச்சில்ல, எங்க பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தான். குரூப்ல வீடியோவப் பாத்ததும் கை நடுங்க ஃபோன் அடிச்சா, "புகை தெரியுதுடா, நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீ பசியாறிட்டியா"ங்கறாங்க. அதோட நான் ஃபோன கீழ வச்சிருக்கணும். வச்சேனா? அதே தீய மொட்டமாடிலேருந்து எடுத்தது, ஹைவேலேருந்து எடுத்தது, காருக்குள்ளேருந்து எடுத்ததுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், நடுவுல எந்த ஊரு எந்த வருசம்னே தெரியாத வீடியோ வேற. அங்க சாயங்காலத்துக்குள்ள தீய அணைச்சிட்டாங்க, என் ஃபோன்ல ராத்திரி வரைக்கும் எரிஞ்சிச்சு. பெரியம்மா தூங்கிட்டாங்க, எனக்குத்தான் தூக்கம் வரல.

இது எனக்கு மட்டும் உள்ள கிறுக்கு இல்ல போல. 2013ல பாஸ்டன் மராத்தான்ல குண்டு வெடிச்சப்ப அமெரிக்காவுல ஆய்வு பண்ணிருக்காங்க, சம்பவ இடத்துல இருந்தவங்கள விட, அதுக்கப்புறம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல அந்த நியூஸையே பாத்தவங்களுக்குத்தான் மன அழுத்தம் அதிகமா இருந்துச்சாம்.

அப்ப தம்பி செய்றது சரியான்னா, அதுவும் இல்ல. தண்ணி கட்னு முன்னாடியே அறிவிப்பு வந்து ஊரே பக்கெட் ரொப்பி வச்சிச்சு, இவரு தலையில ஷாம்பு நொரையோட பைப்பத் திருப்பிட்டு நிக்கறாரு. கடைசில மினரல் வாட்டர் போத்தல்லதான் அலசினாரு, அந்த செலவுக்கு ஒரு வாரம் நல்லாவே சாப்ட்ருக்கலாம் (கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன்).

அப்பாவோட ரூட்டுதான் எனக்கு தேவலாம்னு படுது. 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் 2019ல நின்னு போச்சே, அதோட பழைய வாசகர் அவரு, இப்ப வேற பேப்பர். மாமாக் சாப்பாட்டுக் கடையில தே தாரிக் டீ ஆறுறதுக்குள்ள மொதல்ல மரண அறிவிப்பு, அப்புறம் தலைப்பு, கடைசில பந்து விளையாட்டு, மடிச்சி கக்கத்துல வச்சிக்கிட்டு நடந்துருவாரு. ஆனா பேப்பர் வர்றது மறுநாள். 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவுல வீட்டுக்குள்ள தண்ணி ஏறுனப்ப மறுநாள் பேப்பர நம்பிக்கிட்டா உக்காந்திருக்க முடியும்?

அதனால நான் இப்ப ஃபோன்ல மழை எச்சரிக்கையும் தண்ணி கட் அறிவிப்பும் மட்டும் சத்தத்தோட வர்ற மாதிரி விட்டு வச்சிருக்கேன், மத்ததெல்லாம் மியூட், மிச்ச நியூஸ் அப்பா முடிச்சப்புறம் அந்தப் பேப்பர்ல. குடும்ப குரூப்ப மியூட் பண்ணதுக்கு அத்தை இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிருக்காங்க, அது தனிப் பஞ்சாயத்து. தம்பி மாறல, ஆனா வாரத்துக்கு ஒரு தடவ அப்பாவுக்கு ஃபோன் அடிச்சி "தண்ணி கட் ஏதும் இருக்காப்பா"ன்னு கேக்கறான். "ஒரு பேப்பர் வாங்க ஒனக்கு என்னடா கேடு"ன்னு வஞ்சிட்டு, தேதிய சொல்லிருவாரு.