சேவை நாய் தரும் அமைப்பு: நாலு நட்சத்திரம் ஏன், ஐந்தாவது ஏன் இல்லை

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டதிலிருந்து என் விரல்கள் மடங்குவதில்லை. மணிக்கட்டை மட்டும் தூக்குவேன். கைதவறி விழுந்த பொருள் யாராவது வீட்டுக்குள் வரும்வரை விழுந்த இடத்திலேயே கிடக்கும், போன் உட்பட. அதனால்தான் சேவை நாய்களைப் பழக்கி உரியவர்களிடம் சேர்க்கும் ஓர் அமைப்பில் விண்ணப்பித்தேன். பார்லி என்ற மஞ்சள் லாப்ரடார் வந்து சேர்ந்தான். குறைகளையும் எழுதப்போவதால் அமைப்பின் பெயர் வேண்டாம்.

முதலில் காத்திருப்பு. இதற்காக மட்டுமே பாதிப் பேர் விண்ணப்பத்தைக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டாக்டர் கடிதம், வீட்டுக்குள் நான் நடமாடும் வீடியோ, ஒரு நாள் எப்படிப் போகிறது என்ற நீண்ட கேள்வித்தாள் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். என் குரலையும் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மூச்சு பலம் குறைவு, சத்தம் போட முடியாது. மெல்லிய குரலுக்குத் திரும்பிப் பார்க்கும் நாயா என்று அவர்கள் தேட வேண்டும். இவ்வளவு யோசிப்பவர்கள், கோப்பு உயிரோடு இருக்கிறது என்று இடையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நானாக எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும்.

தேதி சொல்ல முடியாது என்பது நியாயம்தான். குட்டி ஏறக்குறைய ஒன்றரை வயது வரை ஒரு தன்னார்வலர் வீட்டில் வளர்கிறது. பிறகு பல மாதம் பயிற்சி மையத்தில். அங்கே பல நாய்கள் தேறாமல் போய்விடும். புறாவைக் கண்டால் கயிற்றை இழுப்பது, படிக்கட்டுக்குப் பயப்படுவது, இடுப்பு மூட்டில் சின்னக் கோளாறு, எதுவும் போதும். ஆனால் இந்த வேலை நேற்று ஆரம்பித்ததல்ல. பார்வையற்ற போர்வீரர்களுக்காக ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி திறந்தது 1916-ல். கை கால் முடங்கியவர்களுக்கும் நாயைப் பழக்கலாம் என்று போனி பெர்கின் என்பவர் கலிஃபோர்னியாவில் 'கேனைன் கம்பானியன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியது 1975-ல். இத்தனை வருட அனுபவமுள்ள துறையில் காத்திருப்பவருக்குக் கடிதம் போடும் பழக்கம் இன்னும் வராதது சோம்பல்தான்.

இனி பாராட்டு. நாயை நான் தேர்ந்தெடுக்க விடவில்லை. பயிற்சி முகாமின் முதல் நாட்களில் பல நாய்களை மாற்றி மாற்றி என் சக்கர நாற்காலி அருகே நடக்கவிட்டுக் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது ஒரு கறுப்பு நாய். துறுதுறுவென்று இருந்தது, என் முகத்தையே பார்த்தது. கொடுத்தது பார்லியை. கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கறுப்பு நாய் ஒரு முறை திமிறினால் கையால் தள்ளும் என் நாற்காலி திரும்பிவிடும், பிடித்து நிறுத்த என் கையில் பிடி கிடையாது என்றார் பயிற்சியாளர். பார்லி நான் நின்றால் நிற்கிறான். சந்தைக் கூட்டத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தெரியும்.

முகாம் சுமார் இரண்டு வாரம். நாய்க்கு எல்லாம் தெரியும், பாடம் நமக்குத்தான். முதலில் நாம் சொல்வதைக் காதிலேயே வாங்காது, பழைய பயிற்சியாளர் பக்கமே பார்க்கும். கொஞ்சம் மனசு விட்டுப்போகும். இங்கே அவர்களின் கைவண்ணம் தெரிந்தது. என் விரல்களால் தின்பண்டத்தை எடுத்துக் கொடுக்க முடியாது என்பதால், நீளமான கரண்டியில் பசை போன்ற தீனியைத் தடவி அதை என் உள்ளங்கையோடு பட்டை வைத்துக் கட்டினார்கள். கயிற்றின் கொக்கியை மாற்றிப் பெரிய வளையம் போட்டார்கள். 'லேப்' (மடி) என்று சொன்னால் முன்னங்கால்களை என் மடியில் ஊன்றி, வாயிலிருப்பதை மடியிலேயே போடுவான். கையில் கொடுக்கப் பழகிய நாயை எனக்காக மடியில் போடப் பழக்கியிருந்தார்கள்.

வேலையில் பார்லி எப்படி? விழுந்ததை எடுப்பதில் கெட்டிக்காரன். சாவி போன்ற உலோகத்தை வாயில் கவ்வப் பல நாய்களுக்குப் பிடிக்காது. அதனால் சாவிக்கொத்தில் தோல் பட்டை கட்டித் தந்தார்கள். வழவழப்பான தரையில் கிடக்கும் ஏடிஎம் கார்டை நகத்தால் சுவர் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே விளிம்பு தூக்கியதும் கவ்வுவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையாம். கைப்பிடியில் கயிறு கட்டினால் கதவை இழுத்துத் திறப்பான், மூக்கால் சுவிட்சைத் தட்டுவான், ராத்திரி சாக்ஸை நுனியில் பிடித்து உருவுவான். உருண்டைக் குமிழ் வைத்த கதவு அவனால் ஆகாது. தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவும் ஆகாது. என்னைத் தூக்கவும் மாட்டான். காலையிலும் இரவிலும் உதவியாள் இன்னும் வருகிறார். நாய் வந்தால் ஆள் வேண்டாம் என்று நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

ஆனால் நான் அதிக மதிப்பெண் போடுவது 'அண்டர்' (அடியில் போ) என்ற கட்டளைக்கு. மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தால் இருக்கிற இடமே தெரியாது. முகாம் முடிவில் நடக்கும் பொது இடத் தேர்வில் பாதி இதுதான்: தரையில் கிடக்கும் உணவைத் தாண்டிப் போக வேண்டும், பக்கத்தில் தட்டு விழுந்தால் துள்ளக் கூடாது. வீடியோக்களில் எல்லோரும் கதவு திறப்பதைத்தான் காட்டுகிறார்கள்.

காகிதம் பற்றி ஒரு எச்சரிக்கை. அமைப்பு தந்த அடையாள அட்டையும் மேலங்கியும் வாசலில் நிற்பவரைச் சமாளிக்க உதவும், அவ்வளவே. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அட்டையே தேவையில்லை; அங்கே ஊழியர்கள் இரண்டு கேள்விதான் கேட்கலாம். உடற்குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. மற்ற இடங்களில் உள்ளூர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் காசு கட்டினால் எந்த நாய்க்கும் 'பதிவுச் சான்றிதழ்' அனுப்புகிறார்கள், அதை வாங்காதீர்கள். சேரும் முன், இத்தகைய அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான 'அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல்' உறுப்பினர் பட்டியலில் உங்கள் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கொடுத்த பிறகு கவனிப்பது. ஒரு நாள் லிஃப்ட் கதவு பார்லியின் வாலை நசுக்கியது. காயமில்லை, ஆனால் அப்புறம் லிஃப்டைக் கண்டால் உட்கார்ந்துகொண்டான். அமைப்புக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் எனக்கு வெளியே போவதே நின்றுபோனது. கடைசியில் வீடியோவில் வந்த பயிற்சியாளர் விஷயத்தைப் பிட்டுவைத்தார்: ஏற்றாதே, திறந்த லிஃப்ட் முன் நின்று தீனி கொடு, இரண்டு காலை வைத்ததும் வெளியே கூப்பிடு, கதவு மூடுவதெல்லாம் அப்புறம். சரியாகிவிட்டது. இவ்வளவு தெரிந்த ஆளை அவசரத்துக்குப் பிடிக்க ஒரு எண் இல்லை. வருடாவருடம் நாயின் எடை, பல், தடுப்பூசி எல்லாம் கேட்டுப் படிவம் வருகிறது. நாற்காலியில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஓய்வு பற்றிய பகுதியைப் படியுங்கள். இந்த நாய்கள் பெரும்பாலும் பத்து வயதுக்குள் வேலையை விட்டுவிடும். ஓய்வுக்குப் பிறகு பார்லியை நானே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியே வாங்கிவிட்டேன், அது நல்லபடி நடந்தது. அடுத்த நாய்க்கு அவன் வேலையில் இருக்கும்போதே பெயர் பதியலாமா என்று கேட்டேன். முடியாதாம், அவன் ஓய்வு பெற்ற பிறகுதான் விண்ணப்பம் வாங்குவார்களாம், வரிசை முதலிலிருந்து. ஐந்தாவது நட்சத்திரம் அங்கே போனது.